புதிதாக மாற்றிய கிராங்க் ஆயில் சீல் ஆறு மாதத்தில் மீண்டும் ஒழுகுவது ஏன்?

திருப்புளி (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். 30 ஆண்டுகளைக் கடந்த, பின்சக்கரங்களால் இயங்கும் பெட்ரோல் கார் ஒன்றை வைத்திருக்கிறேன். ஆறு மாதங்களுக்கு முன்பு டைமிங் பெல்ட் மாற்றியபோது, கிராங்க் ஷாஃப்டின் முன்பக்க ஆயில் சீலையும் (சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெய் கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்) ஒரு பட்டறையில் மாற்றிக்கொண்டேன். இப்போது புல்லிக்குப் பின்னால் மீண்டும் ஈரம் தெரிகிறது. டைமிங் கவரின் அடி விளிம்பில் எண்ணெய் சொட்டாகத் திரண்டு நிற்கிறது. அதோடு, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில் உள்ள சிறு துளையருகே ஒரு சொட்டும், டிஃபரன்ஷியலின் (பின்சக்கரங்களுக்கு இயக்கத்தைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) மூக்கில் புழுதியேறிய கறுப்புப் பிசுக்கும் காணப்படுகின்றன.

பட்டறையில் பொருத்திய சீல் தரமற்றதாக இருந்திருக்குமா? வண்டியின் வயதை எண்ணிப் பார்த்து எல்லாச் சீல்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிடலாமா? கிளட்ச் வரைக்கும் பிரித்துப் பார்க்கும் வேலை பெரியது என்பதால், தொடங்குவதற்கு முன் அனுபவமுள்ளவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

உப்புத்தாள்

நண்பரே, சீலின் மீது பழி போடுவதற்கு முன் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள். இன்ஜினில் ஆயில் அளவு குச்சியின் மேல் கோட்டைத் தாண்டி நிற்கிறதா? ப்ரீதர் குழாயை (இன்ஜினுக்குள் சேரும் வாயுவை வெளியேற்றும் குழாய்) கடைசியாகக் கழற்றிச் சுத்தம் செய்தது எப்போது? ஈரம் தொடங்கும் மிக உயரமான இடம் எது? சொட்டுகிற இடம் எதுவென்பது அவ்வளவு முக்கியமன்று.

நெடுவழி

என் பழைய வண்டியில் இதே தொல்லை இருந்தபோது, கசிவை நிறுத்தும் திரவம் ஒரு புட்டியை இன்ஜின் ஆயிலோடு கலந்து ஊற்றினேன். இரண்டு வாரத்தில் சொட்டு நின்றுவிட்டது. கிளட்சைப் பிரிப்பதற்கு முன் அதை முயன்று பார்ப்பதில் தவறில்லை என்று எண்ணுகிறேன்.

பட்டறை நாட்கள்

நெடுவழி அவர்களின் அனுபவத்தை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்தத் திரவம் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு ஊற்றுவது நல்லது. வெப்பத்தில் சுருங்கி இறுகிய ரப்பரை ஊற வைத்துச் சற்று உப்பச் செய்வதே அதன் வேலை. ரப்பர் இன்னும் உயிரோடு இருந்தால் சில காலம் பலன் கிடைக்கும். சீலின் கிழிந்த உதட்டையோ (ஷாஃப்டைச் சுற்றி அமரும் ரப்பர் விளிம்பு), தேய்ந்து பள்ளம் விழுந்த ஷாஃப்டையோ, தடுமாறும் பேரிங்கையோ அது சரிசெய்யாது. இன்ஜினில் கசியாமல் நன்றாக இருக்கும் மற்றச் சீல்களையும் அது தேவையின்றி மென்மையாக்கும். இங்கே சீலுக்கு வயது ஆறு மாதம்தான். ஆறு மாத ரப்பர் முதுமையால் சுருங்கியிருக்க வாய்ப்பில்லை, ஆகவே ஊறவைக்கும் மருந்துக்கு இங்கே வேலையும் இல்லை.

திருப்புளி அவர்களுக்கு என் முதல் வேண்டுகோள்: எதையும் கழற்றாதீர்கள், முதலில் கழுவுங்கள். எண்ணெய் கீழ்நோக்கி வழியும், வண்டி ஓடும்போது வீசும் காற்று அதைப் பின்னோக்கித் தள்ளும், சுழலும் புல்லி அதை வட்டமாக விசிறியடிக்கும். இந்த மூன்றும் சேர்ந்தால், முன்பக்கத்தில் மேலே கசிவது பின்பக்கத்தில் கீழே சொட்டும். கொழுப்பு நீக்கும் திரவத்தால் இன்ஜினின் முன்பக்கம், பக்கவாட்டு, கியர்பாக்ஸ் கூடு, டிஃபரன்ஷியல் ஆகிய அனைத்தையும் கழுவி, நன்றாக உலர்த்தி, ஐயத்துக்குரிய இடங்களில் முகப்பவுடரைத் தூவிவிட்டு இருபது நிமிடம் ஓட்டிப் பாருங்கள். கசிவு தொடங்கிய இடத்திலிருந்து பவுடரில் ஈரக்கோடு இறங்கியிருக்கும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் புறஊதா விளக்கும் துணைக்கு வரும்.

எந்த எண்ணெய் என்பதையும் பிரித்தறிய வேண்டும். வெள்ளைத்தாளில் ஒரு சொட்டை ஏந்திப் பாருங்கள். இன்ஜின் ஆயில் பழுப்பாகவோ கறுப்பாகவோ இருக்கும். கியர் ஆயில் தடித்து, கந்தகம் கலந்த கெட்ட வாடை வீசும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டினால், அது கிராங்கின் பின்பக்கச் சீலா, கியர்பாக்ஸின் உள்ளீட்டு ஷாஃப்ட் சீலா என்ற கேள்விக்கு இந்த மூக்குச் சோதனையே பெரும்பாலும் விடை சொல்லிவிடும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: சிலிண்டர் ஹெட்டின் பின்கோடியில் ராக்கர் கவர் பேக்கிங் கசிந்தாலும், ஆயில் பிரஷர் சுவிட்ச் கசிந்தாலும், அந்த எண்ணெய் கூட்டின் வெளிப்புறமாகவே வழிந்து அதே துளையின் விளிம்பில் வந்து நிற்கும். இதை அறியாமல் கியர்பாக்ஸை இறக்கி, நல்ல சீலை மாற்றி, மீண்டும் ஏற்றிய மறுநாளே அதே சொட்டைக் கண்டு மனம் உடைந்தவர்களை என் பட்டறை வாழ்க்கையில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ப்ரீதர். பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கொஞ்சம் வாயு எப்போதுமே கிராங்க் அறைக்குள் இறங்கும். அது வெளியேறும் வழி அடைபட்டால் உள்ளே அழுத்தம் ஏறும். சாதாரண ஆயில் சீல் எண்ணெயைத் தடுக்க உருவாக்கப்பட்டது, அழுத்தத்தைத் தாங்குவதற்கன்று. அழுத்தம் உதட்டை ஷாஃப்டின் மீது இறுக்கி அழுத்தும், உதடு சூடேறித் தட்டையாகத் தேயும், பிறகு அங்கே எண்ணெய் வழி கண்டுகொள்ளும். எத்தனை புதிய சீல் போட்டாலும் இந்த நிலையில் ஒவ்வொன்றும் தோற்கும். இந்த ப்ரீதர் குழாய் இன்டேக்கோடு (இன்ஜின் காற்றை உள்ளிழுக்கும் வழி) இணைந்துள்ள இன்ஜின்களில் சோதனை எளிது: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அந்த வாயின் மேல் ஒரு மெல்லிய தாளை வையுங்கள். தாள் மெல்ல உள்ளிழுக்கப்பட வேண்டும். அது துள்ளி எழுந்தால் உள்ளே அழுத்தம் இருக்கிறது. ப்ரீதர் குழாயையும் அதிலுள்ள வால்வையும் சுத்தம் செய்த பிறகும் தாள் எழுமானால், பிஸ்டன் வளையங்களின் தேய்மானத்தைக் கம்ப்ரெஷன் சோதனையால் உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

திருப்புளி

விரிவான பதிலுக்கு மிக்க நன்றி, ஐயா. சொன்னபடி கழுவி, உலர்த்தி, பவுடர் தூவி ஓட்டிப் பார்த்தேன். ஆயில் அளவு சரியாகவே இருக்கிறது. தாள் சோதனையில் தாள் மேலெழுந்து பறந்தது. ப்ரீதர் குழாயைக் கழற்றியபோது, அதன் வளைவில் மெழுகு போன்ற பழுப்புக் கசடு இறுகி அடைத்திருந்தது. ஒரு கம்பி நுழையும் அளவுக்குத்தான் வழி இருந்தது. குழாயை மாற்றி, வால்வைச் சுத்தம் செய்த பிறகு தாள் வாயோடு ஒட்டிக்கொள்கிறது.

கிளட்ச் கூட்டின் அடியில் நின்ற சொட்டு இன்ஜின் ஆயில்தான். ஆனால் பவுடரில் இறங்கிய கோடு ராக்கர் கவரின் பின்மூலையிலிருந்து வருகிறது! கியர்பாக்ஸை இறக்காமல் விட்டதற்கு உங்களுக்கு நன்றி சொல்லி முடியாது. முன்பக்கச் சீல் மட்டும், அழுத்தம் குறைந்த பிறகும் கசிகிறது. டிஃபரன்ஷியல் மூக்கிலும் புதிய ஈரம் உண்டு.

உப்புத்தாள்

அழுத்தத்தில் தேய்ந்த உதடு அழுத்தம் நீங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பாது, ஆகவே முன்பக்கச் சீலை மாற்றத்தான் வேண்டும். ஆனால் இந்த முறை பட்டறைக்குக் கொடுத்துவிட்டுக் காத்திருக்காமல், சீல் வெளியே வரும் தருணத்தில் அருகில் இருங்கள். வெளியே வரும் சீலைத் தூக்கி எறிய விடாதீர்கள். அதில் படிப்பதற்கு நிறைய இருக்கிறது.

உதடு முழுவதும் கண்ணாடி போல் பளபளத்து, வளைத்தால் நுண்ணிய வெடிப்புகள் தெரிந்தால் வெப்பம் காரணம். தேய்மான வளையம் அகலமாகத் தட்டையாக இருந்தால் அழுத்தம் காரணம். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் ஆழமாகத் தேய்ந்து, ஷாஃப்டில் தடம் சுற்றிலும் சீராக இருந்தால், சீல் அமரும் குழியும் ஷாஃப்டும் ஒரே மையத்தில் இல்லை என்று பொருள். அதற்கு நேர்மாறாக, உதடு சுற்றிலும் சீராகத் தேய்ந்து ஷாஃப்டில் ஒரு பக்கம் மட்டும் தடம் ஆழ்ந்திருந்தால், ஷாஃப்ட் மையம் விலகிச் சுழல்கிறது. உதட்டின் பின்னால் இருக்கும் வளைய ஸ்பிரிங் காணாமல் போயிருந்தால், பொருத்தும்போது ஒரு பக்கமாகச் சுத்தியலால் அடித்ததில் அது தெறித்து விழுந்திருக்கும்; அந்த ஸ்பிரிங் எங்கே விழுந்தது என்பதையும் தேடிக் கண்டெடுக்க வேண்டும்.

பட்டறை நாட்கள்

உப்புத்தாள் அவர்கள் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். தொடர்ந்து, வேலை செய்யும் முறையைச் சொல்கிறேன்.

பேட்டரி இணைப்பைக் கழற்றிவிடுங்கள். வண்டிக்கு அடியில் செல்வதானால் ஜாக்கை நம்பாமல், சமதரையில் ஸ்டாண்டுகளின் மீது நிறுத்துங்கள். டைமிங் குறிகளைச் சரியாக நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றுவதற்கு முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெயில் நனைந்த பெல்ட் ஆறு மாதப் பழையதாக இருந்தாலும் அதைத் துடைத்து மீண்டும் போடாதீர்கள். ரப்பர் எண்ணெயை உறிஞ்சிப் பலம் இழக்கும், பல இன்ஜின்களில் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும். எப்படியும் அங்கே கை வைத்துவிட்டதால், கேம் ஷாஃப்ட் சீலையும் இப்போதே மாற்றிவிடுவது அறிவுடைமை.

பழைய சீலைப் பிடுங்கும் முன், அது எவ்வளவு ஆழத்தில் அமர்ந்திருக்கிறது என்பதை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு புல்லியின் பக்கம் கையை வைத்து ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். கைக்குத் தெரியும் அளவுக்கு ஆட்டம் இருந்தால், அது மெயின் பேரிங்கின் வேலை, சீலோடு முடியாது. சீலின் உலோக முகத்தில் சிறு துளை போட்டு, தானே மரைபோட்டு இறங்கும் திருகு ஒன்றை ஏற்றி, திருகைப் பிடித்து இழுப்பதே பாதுகாப்பான முறை. துளைபோடும் முனையில் கிரீஸ் தடவிக்கொண்டால் உலோகத்தூள் அதில் ஒட்டும், உள்ளே விழாது. முனை சீலைக் கடந்து ஆழமாக இறங்காமலும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டையான திருப்புளியை உதட்டுக்கும் ஷாஃப்டுக்கும் இடையில் செருகி நெம்புகிறவர்கள், அந்த ஒரே நெம்பலில் ஷாஃப்டில் கீறல் போட்டு அடுத்த கசிவுக்கு அடித்தளம் இடுகிறார்கள்.

இப்போது ஷாஃப்டைத் துடைத்து, நகத்தை அதன் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் தடுக்கி நின்றால் அங்கே பள்ளம் இருக்கிறது. 30 ஆண்டுகள் ஒரே இடத்தில் உரசிய ரப்பர், இடையில் சிக்கிய தூசியின் துணையோடு எஃகையே தேய்த்துவிடும். பள்ளம் இலேசானதாக இருந்தால், புதிய சீலைப் பழைய ஆழத்திலிருந்து ஒன்றரை மில்லிமீட்டர் அளவு வெளியே நிறுத்தி அமர்த்தலாம். உதடு தேயாத பகுதியில் ஓடும். குழியில் இடம் இருந்தால் உள்ளே தள்ளியும் அமர்த்தலாம், ஆனால் அப்போது பின்னால் இருக்கும் எண்ணெய் திரும்பும் துளை அடைபடக் கூடாது. பள்ளம் ஆழமானதாக இருந்தால், ஷாஃப்டின் மேல் செருகும் மெல்லிய துருப்பிடிக்காத எஃகு உறை கிடைக்கிறது. அதன் தடிப்பு ஏறக்குறைய 0.28 மி.மீ. மட்டுமே என்பதால் அதே அளவுச் சீலையே அதன் மேல் போடலாம்.

இலேசான துருவை மட்டும் நீக்க வேண்டுமானால் மிக நைசான உப்புத்தாளைப் பயன்படுத்தலாம். அதை ஷாஃப்டைச் சுற்றி, ஒரே இடத்தில், பக்கவாட்டில் நகர்த்தாமல் இழுக்க வேண்டும். தாளைச் சுற்றிக்கொண்டே பக்கவாட்டில் நகர்த்தினால் ஷாஃப்டில் திருகின் மரை போன்ற சாய்கோடுகள் விழும். ஷாஃப்ட் சுழலும்போது அந்தக் கோடுகளே எண்ணெயை வெளியே இறைக்கும் பம்பாகிவிடும். பெயரில் உப்புத்தாளை வைத்திருப்பவர் இதை ஏற்றுக்கொள்வார் என நம்புகிறேன்.

திருப்புளி

ஒரு ஐயம். சீலை எந்தப் பக்கம் திருப்பிப் போடுவது என்பதில் எனக்கு எப்போதும் குழப்பம் வருகிறது. எழுத்து அச்சிட்ட பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பது விதியா?

உப்புத்தாள்

எழுத்தை நம்பாதீர்கள், ஸ்பிரிங் தெரியும் பக்கம் எண்ணெயைப் பார்க்க வேண்டும் என்பதே விதி. காரணம் தெரிந்தால் மறக்காது. உதட்டின் இரண்டு சரிவுகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை: எண்ணெய்ப் பக்கம் செங்குத்தாக, ஏறக்குறைய 45 டிகிரியிலும், காற்றுப் பக்கம் தணிந்து, ஏறக்குறைய 25 டிகிரியிலும் இருக்கும். ஓடும்போது உதடு ஷாஃப்டைப் பெரும்பாலும் நேரடியாக உரசுவதில்லை, நுண்ணிய எண்ணெய்ப் படலம் ஒன்றின் மேல் மிதக்கிறது. அந்தச் சரிவுகளின் வேறுபாட்டால், வெளியேற முயலும் எண்ணெயை உதடே மீண்டும் உள்ளே தள்ளுகிறது. திருப்பிப் போட்டால் அதே பொறிமுறை எண்ணெயை வெளியே தள்ளும்.

சில சீல்களில் காற்றுப் பக்கத்தில் சாய்வான மெல்லிய வரிகள் இருக்கும். கூடவே ஓர் அம்புக்குறியும் இருக்கும். அவை ஒரு திசையில் சுழலும் ஷாஃப்டுக்கு மட்டுமே உரியவை. முன்சக்கர இயக்க வண்டிகளில் இடது, வலது டிரைவ் ஷாஃப்ட் சீல்கள் அளவில் ஒன்றாகத் தோன்றினாலும் மாற்றிப் போடக்கூடாது என்பதற்கு இதுவே காரணம். சீலின் முகத்தில் 35×50×8 என்பது போல் அச்சிட்டிருக்கும் எண்கள் ஷாஃப்டின் விட்டம், குழியின் விட்டம், அகலம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் சொல்பவை. அவை மட்டும் பொருந்தினால் போதாது, ரப்பரின் வகையும் சுழற்சித் திசையும் பொருந்த வேண்டும்.

பட்டறை நாட்கள்

ரப்பரின் வகை என்றதால் ஒன்று சேர்க்கிறேன். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இருந்த நைட்ரைல் ரப்பர் ஏறக்குறைய 100 டிகிரி செல்சியஸ் வரை நீடித்துத் தாங்கும். ஃப்ளோரோ ரப்பர் 200 டிகிரி வரை தாங்கும். கிராங்க், கேம் போன்ற சூடான இடங்களுக்கு இரண்டாவது வகை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுப்பேன். ஆனால் தீப்பிடித்த வண்டியிலோ, வெல்டிங் தீப்பட்ட இடத்திலோ இருந்த ஃப்ளோரோ ரப்பர் கருகிப் பிசுபிசுப்பாக இருந்தால் அதை வெறுங்கையால் தொடாதீர்கள். மிகை வெப்பத்தில் சிதையும் அந்த ரப்பரிலிருந்து உண்டாகும் ஹைட்ரஜன் ஃப்ளூரைடு, ஈரத்தோடு சேர்ந்து தோலையும் எலும்பையும் பாதிக்கும் கொடிய அமிலமாகும்.

பொருத்தும்போது உதட்டில் அதே இன்ஜின் ஆயிலைத் தடவுங்கள். தூசி உதடு தனியாக இருந்தால் இரு உதடுகளுக்கும் இடையில் சிறிது கிரீஸ் வையுங்கள். சாவிப் பள்ளமும் கூர்மையான விளிம்பும் உதட்டைக் கிழிக்கும் என்பதால், ஷாஃப்டின் முனையை மெல்லிய டேப்பால் சுற்றி, சீல் கடந்த பிறகு டேப்பை உருவிவிடுங்கள். சீலின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே சிறிய குழாய்த் துண்டு அல்லது பெரிய சாக்கெட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். நான்கு திசைகளிலும் ஆழத்தை அளந்து ஒன்றாக இருப்பதை உறுதிசெய்யுங்கள்.

டெஃப்ளான் உதடு கொண்ட சீலாக இருந்தால் இதில் ஒரு பகுதி தலைகீழாகும். அதில் ஸ்பிரிங் இருக்காது, உதட்டில் எண்ணெய் தடவக் கூடாது, ஷாஃப்டும் உலர்ந்து சுத்தமாக இருக்க வேண்டும், அதோடு வரும் பிளாஸ்டிக் வளையத்தைக் கடைசி நிமிடம் வரை கழற்றக் கூடாது, பொருத்திய பின் உதடு ஷாஃப்டின் வடிவுக்கு அமர்ந்துகொள்ளச் சில மணி நேரம் இன்ஜினை இயக்காமல் விட வேண்டும்.

நெடுவழி

எல்லாம் படித்தேன். என் வண்டியிலும் முதலில் ப்ரீதரைப் பார்த்திருக்க வேண்டும் என்று இப்போது புரிகிறது. இந்த வாரமே தாள் சோதனை செய்யப் போகிறேன். டிஃபரன்ஷியல் மூக்குச் சீலைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே? அது வெளியே இருந்தே கைக்கு எட்டும் எளிய வேலை அல்லவா?

உப்புத்தாள்

கைக்கு எட்டும் என்பது உண்மை. எளிது என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். இந்த இழையில் சொல்லப்பட்ட எல்லா வேலைகளிலும் கவனக் குறைவுக்கு மிக அதிக விலை வாங்குவது இதுதான். மூக்கின் வழியே உள்ளே செல்லும் பினியன் (சிறு பல்சக்கர) ஷாஃப்டின் இரண்டு பேரிங்குகளுக்கு இடையில், பல டிஃபரன்ஷியல்களில் நசுங்கும் குழல் ஒன்று இருக்கிறது. ஷாஃப்டின் முனையிலுள்ள நட்டை இறுக்கும்போது அது குறிப்பிட்ட அளவு நசுங்கிப் பேரிங்கின் முன்னிறுக்கத்தை (ஆட்டமில்லாதபடி முன்கூட்டியே தரும் இறுக்கம்) நிர்ணயிக்கிறது. சீலை மாற்ற அந்த நட்டைக் கழற்றியே ஆக வேண்டும். திரும்ப இறுக்கும்போது வலிமையைக் காட்டி அதிகமாக முறுக்கினால் குழல் மேலும் நசுங்கிவிடும், பேரிங் சூடேறி அழியும். தளர்வாக விட்டால் பினியன் நகர்ந்து பல் தேயும், ஊளைச் சத்தம் வரும். அதிகமாக நசுங்கிய குழலைத் தளர்த்திச் சரிசெய்ய முடியாது, டிஃபரன்ஷியலைப் பிரித்துப் புதிய குழல் போட வேண்டும்.

ஆகவே கழற்றும் முன் நட்டு, ஷாஃப்ட், ஃபிளாஞ்ச் (ஷாஃப்டின் முனையிலுள்ள இணைப்புத் தட்டு) மூன்றிலும் ஒரே நேர்கோட்டில் குறி போடுங்கள், நட்டுக்கு வெளியே தெரியும் மரைகளை எண்ணிக்கொள்ளுங்கள், பின்சக்கரங்களைத் தூக்கிப் பிரேக் உரசாதபடி செய்து, பினியனைச் சுழற்றத் தேவைப்படும் விசையையும் சிறு டார்க் மீட்டரால் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். பொருத்தும்போது அதே குறிக்கும் அதே விசைக்கும் திரும்புங்கள். நட்டைப் புதிதாகப் போடச் சொல்லும் வண்டிகளில் குறி உதவாது, விசை அளவே வழிகாட்டி. அதற்கும் முன்பாக, டிஃபரன்ஷியலின் மேலுள்ள சிறிய ப்ரீதர் மூடி சேற்றால் அடைபட்டிருக்கிறதா என்று பாருங்கள். இன்ஜினில் கண்ட அதே கதை அங்கேயும் நடக்கும்.

பின்அச்சின் கோடிகளில் சக்கரத்தின் உட்புறம் எண்ணெய் ஈரம் தெரிந்தால் மட்டும் ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள். அது பிரேக் ஷூவை நனைக்கும். கியர் ஆயில் ஊறிய ஷூவைக் கழுவிப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும்.

திருப்புளி

மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன். முன்பக்கச் சீலைக் கழற்றியபோது உதட்டில் தேய்மான வளையம் அகலமாகத் தட்டையாகத்தான் இருந்தது. ஸ்பிரிங் தன் இடத்திலேயே இருந்தது. ஷாஃப்டில் நகம் தடுக்கியது. பழைய ஆழத்தை அளந்தபோது, பட்டறையில் சீலை அதே பள்ளத்தின் மீதே அமர்த்தியிருந்தார்கள் என்பதும் தெரிந்தது. புல்லி அசைவில் ஆட்டம் எதுவும் உணரப்படவில்லை. புதிய ஃப்ளோரோ ரப்பர் சீலை ஒன்றரை மில்லிமீட்டர் வெளியே நிறுத்தி அமர்த்தினேன், கேம் சீலையும் பெல்ட்டையும் ராக்கர் கவர் பேக்கிங்கையும் மாற்றினேன், புல்லி போல்ட்டைக் கையேட்டில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். இதுவரை 900 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. பவுடர் தூவிய இடமெல்லாம் உலர்ந்திருக்கிறது.

டிஃபரன்ஷியலின் ப்ரீதர் மூடி முழுவதும் சேற்றால் அடைபட்டிருந்தது. அதைச் சுத்தம் செய்த பிறகு மூக்கில் ஈரம் குறைந்திருக்கிறது, ஆனால் முற்றிலும் நிற்கவில்லை. ஆயில் அளவு இறங்கவில்லை. சுழற்றும் விசையை அளக்கும் கருவி கிடைக்கும் வரை அதைத் தொடாமல் இருக்கலாமா?

பட்டறை நாட்கள்

இருக்கலாம். மெல்லிய ஈரப்பூச்சு மட்டும் இருந்து, சொட்டாகத் திரளாமல், அளவும் இறங்காமல் இருக்கும் வரை அது அவசர வேலையன்று. 1,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை நிரப்பும் துளையின் திருகைக் கழற்றி, விரலை விட்டு எண்ணெய் அளவைப் பாருங்கள். பினியன் ஃபிளாஞ்சைப் பிடித்து மேலும் கீழும் அசைத்து, அதில் ஆட்டம் இருக்கிறதா என்பதை மட்டும் இந்த வாரமே பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள். ஆட்டம் இருந்தால் நான் சொன்ன விடை மாறும்.